லைன் என்ற சொல்லின் பதினேழாவது அட்டை

ஆறே காலுக்கு அலாரம் அடித்தது. அணைத்தான். போர்வையை மடித்தான். பல் தேய்த்துக் குளித்தான். பாலைச் சுடவைத்துக் காபி கலந்து, அடுப்பு மேடை ஓரமாக நின்றபடியே குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். சட்டையின் முன்பக்கத்தையும் காலரையும் மட்டும் இஸ்திரி போட்டான். இரண்டு துண்டு ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிப் பையில் வைத்தான். ஏழே முக்காலுக்குக் கதவைப் பூட்டி, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு மாடிப்படி இறங்கினான். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. உட்கார்ந்தான். பதினோரு மாதமாக இதில் எதுவும் மாறவில்லை. மாற்ற வேண்டும் என்றும் அவனுக்குத் தோன்றவில்லை.

அவன் வேலை பார்த்தது ஓர் அகராதி அலுவலகத்தில். பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடி. நான்கு மேசைகள், சுவர் நீளத்துக்கு மர இழுப்பறைகள், இழுப்பறை முழுக்க அட்டைகள். நாம் தமிழாகவே ஆக்கிக்கொண்டுவிட்ட ஆங்கிலச் சொற்களை ஒவ்வொரு தொழிலிலும் என்ன பொருளில் புழங்குகிறார்கள் என்று தொகுப்பதுதான் அங்கே வேலை. அட்டையின் மேலே சொல். வலது மூலையில் தொழில். நடுவில் ஒரு வாக்கியம். அடியில் அதைச் சொன்னவர் யார், எங்கே, என்றைக்கு என்ற விவரம்.

வாக்கியம் யாராவது வாய்திறந்து சொன்னதாக இருக்க வேண்டும். மேசையில் உட்கார்ந்து புனையக் கூடாது. இலக்கணம் திருத்தக் கூடாது. சொன்னவர் பாதியில் நிறுத்தினால் அட்டையிலும் பாதியில் நிற்க வேண்டும். இந்த விதியைக் கொண்டுவந்து, நாலு கூட்டத்தில் மல்லுக்கட்டி நிலைநிறுத்தியவள் அவன் மனைவி. பட்டறை பட்டறையாகப் போய்க் கேட்டு எழுதிக்கொண்டு வருவது அவள் வேலை. வந்ததைச் சரிபார்ப்பது அவன் வேலை. சொன்னவருக்குப் போன் செய்வான். வாக்கியத்தை எழுத்து மாறாமல் வாசித்துக் காட்டுவான். "ஆமா, நான் சொன்னதுதான்" என்று பதில் வந்தால் ஓரத்தில் பச்சை மையால் ஒரு டிக். வராவிட்டால் குப்பைக்கூடை. கைச்சரக்கு சேர்த்த வாக்கியத்தை மோப்பத்திலேயே பிடித்துவிடுவான் என்று பெயர். அலுவலகத்தில் அவனுக்குச் சல்லடை என்று பட்டம் வைத்திருந்தார்கள்.

அன்று காலை அவன் பையை மாட்டுவதற்குள் தலைமைத் தொகுப்பாளர் வந்து நின்றார். ஆள் பெரிய உருவம், குரல் மட்டும் மெல்லிசு. கையில் ஓர் அட்டையும் ஒரு தாளும் இருந்தன.

"வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுதுப்பா. இந்த ரெண்டும்தான் பாக்கி."

அட்டையை முதலில் வைத்தார். அவள் கையெழுத்து. மேலே 'லைன்'. மூலையில் 'மருத்துவம்'.

"லைனுக்கு மொத்தம் பதினேழு அட்டை. பதினாறுல உன் டிக் இருக்கு. இது ஒன்னு மட்டும் பதினோரு மாசமா தூங்குது. நானும் கேக்க வேண்டாம்னுதான் இருந்தேன். முடியலைன்னா சொல்லு, எடுத்துடறேன். யாரும் தேடப் போறதில்ல."

"எடுக்க வேண்டாம் சார். பண்றேன்."

பிறகு தாளை வைத்தார். நூலின் காணிக்கைப் பக்கம். அவள் பெயர், பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு. கீழே மேற்கோள் குறிகளுக்குள் ஒரு வரி: 'அம்மாவைப் பாத்துக்கோ.' அதற்கும் கீழே, சின்ன எழுத்தில், இறுதிச் சொற்கள்.

"உன் மாமியார் போன வாரம் வந்து குடுத்துட்டுப் போனாங்க. புத்தகம் பூரா யார் யாரோ பேசினது இருக்கு, எம்பொண்ணு பேசினது ஒரு வரி இருக்கக் கூடாதான்னு கேட்டாங்க. எனக்கும் நியாயம்னு பட்டுது." தொண்டையைச் செருமிக்கொண்டார். "மேற்கோள் போட்ட எதுவும் உன் டிக் இல்லாம இங்கேருந்து வெளியில போறதில்ல. ஒரு சம்பிரதாயத்துக்குப் போட்டுக் குடுத்துடு. நீ காதால கேட்டதுதானே."

அவன் தலையாட்டினான். அவர் போய்விட்டார்.

அவன் காதால் கேட்டதில்லை. அவன் புனைந்தது.

அவளைக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். மூன்று நாள் ஏறியும் இறங்கியும் இருந்தது. நான்காம் நாள் காலை அவள் தெளிவாக இருந்தாள். தலையணைக்கு அடியில் அட்டைக் கட்டு வைத்திருந்தாள், முந்தின நாள் நர்ஸிடமிருந்து ஒரு லைன் பிடித்துவிட்டதாகச் சொல்லிச் சிரித்தாள். ஒன்பதரை மணிக்கு அவன் போன் அடித்தது. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசராக இருக்கும் அம்மாள். இரண்டு வாரமாக அவன் துரத்திக்கொண்டிருந்தவர். அறைக்குள் சிக்னல் சரியில்லை. "வெளியில போய்ப் பேசு. அவங்க ஷிப்டு மாறிட்டா அப்புறம் புடிக்க முடியாது" என்று அவள்தான் விரட்டினாள். அவன் போனான். வராந்தாக் கோடியில் நின்றால்தான் குரல் கேட்டது. அந்தப் பக்கம் தையல் மெஷின்களின் இரைச்சல். "என் லைன்ல நாப்பது மெஷின் சார். ஒருத்தி லீவு போட்டா மொத்த லைனும் நிக்கும்" என்ற வாக்கியத்தை மூன்று முறை கத்தி வாசிக்க வேண்டியிருந்தது. ஒன்பது நிமிஷம். பேசி முடித்து, அட்டையை முழங்காலில் வைத்துப் பச்சை டிக் போட்டு, தேதியும் எழுதினான். திரும்பி வந்தபோது அறைக்குள் ஐந்தாறு பேர் இருந்தார்கள். அவனை உள்ளே விடவில்லை.

மாமியார் பத்தரை மணிக்கு வந்தார். அழவில்லை. அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டார். "கடைசியா என்ன சொன்னா?"

நான் அங்கே இல்லை என்று சொல்லியிருக்கலாம். நாக்கு வேறு பக்கம் புரண்டுவிட்டது. அம்மாவைப் பாத்துக்கோ என்று சொன்னாள் என்றான்.

சொன்னதோடு போகவில்லை. ஞாயிறுதோறும் அவர் வீட்டுக்குப் போனான். குழாய்க்கு வாஷர் மாற்றினான், கண் டாக்டரிடம் அழைத்துப் போனான், மேல் பரணில் இருந்ததைக் கீழே இறக்கினான். தான் கட்டிய பொய்க்குத் தானே கூலியாள் ஆனான். அது அவனுக்குக் கஷ்டமாகவும் இல்லை. பதினோரு மாதத்தில் நாள் கிழமை என்று அவனுக்கு மிஞ்சியிருந்தது அந்த ஞாயிறு மட்டும்தான். உண்மையைச் சொன்னால் அதுவும் போகும்.

பேனாவைத் திறந்தான். மூடினான். லைன் இழுப்பறையை இழுத்து அட்டைகளை மேசையில் பரப்பினான். வேலை ஓடாதபோது அவன் அப்படித்தான் செய்வான்.

மின்வேலைக்காரர்: 'மொதல்ல லைன் வருதான்னு டெஸ்டர் வெச்சுப் பாரு, அப்புறம் கை வை.' கொத்தனார்: 'லைன் கட்டாம கல்லு வெச்சா சுவரு வயித்தத் தள்ளிக்கிட்டு நிக்கும்.' பந்துவீச்சுப் பயிற்சியாளர்: 'லைன் சுத்தமா இருக்கு, லெங்த்துதான் சொதப்புது.' பஸ் கண்டக்டர்: 'நான் இந்த லைனுக்குப் புதுசுங்க, ஸ்டாப்பு வந்தா நீங்களே சொல்லிடுங்க.' ஒருகாலத்தில் நடிகராக இருந்து இப்போது அச்சகம் வைத்திருப்பவர்: 'அந்த லைன விட்டு வந்து பத்து வருஷம் ஆச்சு.' தொலைபேசி நிலைய ஆபரேட்டர், ஓய்வு: 'லைன்லயே இருங்க, வெச்சுடாதீங்க.' இந்தக் கடைசி அட்டைதான் கட்டிலேயே முதலாவது. சொன்னவர் அவன் மாமியார்.

ஆரம்பத்தில் தலைமைத் தொகுப்பாளர் இத்தனையையும் ஒரே வரியில் அடைக்கப் பார்த்தார். லைன் என்றால் கோடு, இதற்கு எதற்குப் பதினேழு அட்டை என்றார். "அப்போ டெஸ்டர வெச்சுக் கோடு வருதான்னு பாக்கச் சொல்லுவீங்களா சார்? ஷாக் அடிச்சா அகராதி வந்து காப்பாத்துமா?" என்று அவள் கேட்டாள். கூட்டத்தில் அவருமே சிரித்துவிட்டார். தனியாக இருக்கும்போது அவனிடம் சொன்னாள்: சொல் ஒன்றுதான், அவரவர் கையில் என்ன இருக்கிறதோ அந்த அளவுக்கு அதை வெட்டி மாட்டிக்கொள்கிறார்கள், கொத்தனாருக்கு அது நூல், ஆபரேட்டருக்கு அந்தக் கோடியில் காத்திருக்கும் ஆள்.

அந்தக் கட்டுக்குள் இன்னோர் அட்டையும் இருந்தது. தொழில்: பொது. கேன்டீன் அக்கா: 'அந்தச் சல்லடை உனக்கு லைன் போடறாரு, கவனிச்சியா?' கல்யாணத்துக்கு இரண்டு வருஷம் முந்தைய தேதி. அவள் அதை மற்ற அட்டைகளோடு சேர்த்து, முகத்தில் ஒன்றுமே காட்டாமல், சரிபார்க்கச் சொல்லி அவன் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அவன் ஒரு மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கீழே போய், காது சிவக்க, அக்காவிடம் எழுத்து மாறாமல் வாசித்தான். "ஆமா, சொன்னேன். இல்லைன்னு நீ சொல்லு பாப்போம்" என்றார் அக்கா. அவன் மேலே வந்து டிக் போட்டான்.

அந்த டிக்கைப் பார்த்தான். பக்கத்தில் இருந்த காணிக்கைத் தாளைப் பார்த்தான். பதினாறிலும் இருப்பது அதே பச்சை. இதிலும் அதையே போட்டால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. அதுதான் அவனுக்கு ஆகவில்லை.

நாலு மணிக்குப் பெர்மிஷன் சொல்லிவிட்டு, தாளையும் மருத்துவ அட்டையையும் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினான்.

மாமியார் சமையலறை மேசையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். முப்பத்திரண்டு வருஷம் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்தவர். இன்னமும் யார் பேசினாலும் தலையை லேசாக இடது பக்கம் சாய்த்துத்தான் கேட்பார்.

"வாங்க மாப்பிள்ளை. என்ன, புதன்கிழமையில ஞாயித்துக்கிழமை வந்துடுச்சா? உக்காருங்க. குழாய் ஒன்னும் ஒழுகலையே."

"குழாய்க்கு வரல அத்தை."

"தெரியுது. மூஞ்சி அப்படி இருக்கு. காபி போடவா?"

"வேண்டாம்." தாளை எடுத்து மேசையில் வைத்தான். "இது என் மேசைக்கு வந்துது."

"வரும்னு தெரியும்." கத்தி நிற்கவில்லை. "டிக் போட்டாச்சா?"

"இல்ல."

"ஏன்?"

"அவ அப்படிச் சொல்லல. நான் ரூம்லயே இல்ல அத்தை. போன் வந்துது, வெளியில போயிருந்தேன். நீங்க கேட்டீங்க. வாய்க்கு வந்தத சொல்லிட்டேன்."

கத்தி நின்றது. அவர் நறுக்கின துண்டுகளைக் கையால் ஒதுக்கி ஒரு குவியலாகச் சேர்த்தார். பிறகு அந்தக் குவியலை இரண்டாகப் பிரித்தார்.

"அவ என்னை எப்படிக் கூப்பிடுவா?" என்றார்.

அவன் நிமிர்ந்தான்.

"சொல்லுங்க. ஆறு வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கீங்க. எப்படிக் கூப்பிடுவா?"

"ஆபரேட்டர்னு."

"ஆபரேட்டர், சாப்ட்டாச்சா. ஆபரேட்டர், என் சீப்பு எங்க. பத்தாவது படிக்கறப்ப ஆரம்பிச்சது. ஒருநாள் திட்டினேன், இனிமே மேடம்னு கூப்பிடறேன்னா. அதுக்கப்புறம் அம்மான்னு அந்த வாயில நான் கேட்டதே இல்ல." அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஊரான் வாக்கியத்தையெல்லாம் சலிச்சு எடுக்கறவரு நீங்க. இத எப்படி விட்டீங்க?"

பதினோரு மாதமாக அது அவன் மண்டையில் உறைக்கவே இல்லை. வேறு யாருடைய அட்டையாக இருந்தாலும் முதல் சொல்லிலேயே கிழித்துப் போட்டிருப்பான்.

"அப்போ அன்னிக்கே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்னு சொல்ல முடியாது. அவ பேச்சு மாதிரி இல்லையேன்னு பட்டுது. ஆனா அந்த நேரத்துல மனுஷங்க மாறலாமே. கடைசியா ஒருதடவ அம்மான்னு சொல்லியிருந்தா என்ன கெட்டுப்போச்சு. அப்படி நெனச்சுக்கிட்டேதான் படுப்பேன். எந்திரிச்சா மறுபடி இடிக்கும். உங்கள நேரா கேக்க எனக்குத் தைரியம் வரல. ஆபீஸ்ல குடுத்தா உங்க மேசைக்குப் போகும். நீங்க டிக் போட்டா நெசம்னு வெச்சுக்கலாம்னு இருந்தேன்."

"மன்னிச்சுடுங்க அத்தை."

"அதெல்லாம் இருக்கட்டும்." குரல் முதல்முறையாக உயர்ந்தது. "பதினோரு மாசம் அந்த வார்த்தைய வெச்சுக்கிட்டு நான் என்னென்னமோ பேசியிருக்கேன் தெரியுமா? எதுத்த வீட்டுல, கண் டாக்டர்ட்ட, பால் போடறவர்ட்ட. எம்பொண்ணு கடைசியா என்னைத்தான் நெனச்சான்னு. இப்போ அவங்ககிட்ட எல்லாம் போய் என்ன சொல்லட்டும்?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்து போய்விடலாமா என்று நினைத்தான்.

மாமியார் எழுந்து தண்ணீர் குடித்தார். இன்னொரு டம்ளரில் ஊற்றி அவன் முன்னால் சற்று ஓசையோடு வைத்தார்.

"ரூம்ல யாருதான் இருந்தா?"

"நர்ஸ் மட்டும்."

"அந்தப் பொண்ண கேட்டீங்களா?"

"இல்ல."

"ஒருதடவகூட? போன் பண்றதுதானே உங்க வேலையே."

அவன் பையிலிருந்து அட்டையை எடுத்தான். "இதுவும் அவங்க சொன்னதுதான். இதுக்கே இன்னும் நான் பண்ணல."

மாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மகளின் கையெழுத்தைப் படித்தார். படித்துவிட்டு அட்டையை அவன் பக்கமாகத் திருப்பி வைத்தார். "பண்ணுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க."

அட்டையின் அடியில் நம்பர் இருந்தது. நான்காவது மணியில் எடுத்தார்கள். அவன் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னான். அகராதி அலுவலகத்திலிருந்து பேசுகிறேன், நீங்கள் சொன்ன ஒரு வாக்கியத்தைச் சரிபார்க்க வேண்டும், வாசிக்கிறேன், நீங்கள் சொன்னதுதானா என்று சொன்னால் போதும்.

"அகராதியா?" என்றது அந்தக் குரல். "ஓ. தெரியுது சார். சொல்லுங்க."

வாசித்தான். "இந்த லைன் போச்சும்மா. வேற கையில புதுசா ஒன்னு போடணும். கைய இறுக்கி மூடுங்க, பயந்தா நரம்பு ஓடி ஒளிஞ்சுக்கும்."

நர்ஸ் லேசாகச் சிரித்தார். "ஆமா சார். நான் எல்லார்ட்டயும் அப்படித்தான் சொல்லுவேன். ஊசி போட்டு முடிக்கறதுக்குள்ள எழுதிட்டாங்க அவங்க. சும்மா இருந்த அந்த ஒரு கையால."

அவன் பச்சைப் பேனாவால் ஓரத்தில் டிக் போட்டான். பதினேழு. இனி நன்றி சொல்லி வைத்துவிடலாம். மாமியார் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் பேனாவை மூடினான். அவர் போனைத் தன் பக்கம் நகர்த்தினார்.

"சிஸ்டர், நான் அவளோட அம்மா பேசறேன்."

"சொல்லுங்கம்மா." குரல் தணிந்துவிட்டது.

"அன்னிக்குக் காலையில ரூம்ல நீங்கதான் இருந்தீங்கன்னு சொன்னாரு. அவ கடைசியா எதாவது பேசினாளா?"

அந்தப் பக்கம் யாரோ ஒரு தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போகும் ஓசை கேட்டது.

"பேசினாங்கம்மா. ஆனா நீங்க எதிர்பாக்கற மாதிரி ஒன்னும் இல்ல. ரொம்பச் சாதாரணமா. இவ்வளவு நாளா யாரும் கேக்கல, நானா எப்படிச் சொல்றதுன்னு விட்டுட்டேன்."

"நாங்க ஒன்னும் எதிர்பாக்கலம்மா. நீங்க சொல்லுங்க."

"டெம்பரேச்சர் பாத்துட்டு கட்டில்கிட்ட நின்னு சார்ட்டு எழுதிக்கிட்டிருந்தேன். அவங்க என் கையையே பாத்துக்கிட்டிருந்தாங்க. வலின்னு சொல்லல. மூச்சு முட்டுதுன்னு சொல்லல. நல்லாத்தான் பேசினாங்க. அவங்க சொன்னதுக்காகத்தான் நான் கீழ குனிஞ்சேன். நிமிந்தப்போ தலை ஒரு பக்கமா சாஞ்சிருந்துது. உடனே பெல் அடிச்சேன், டாக்டரும் ஓடி வந்துட்டாரு. அவ்வளவுதாம்மா."

மாமியாரின் தலை இடது பக்கம் சாய்ந்திருந்தது. கண்ணை மூடியிருந்தார். கை மேசை மேலே அவன் கையைத் தேடி வந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. அவன் இன்னொரு கையால் பையிலிருந்து ஒரு வெற்று அட்டையை எடுத்தான்.

"சிஸ்டர்," என்றான். "அவ சொன்னத அவ சொன்ன மாதிரியே சொல்லுங்க. எதையும் சரிபண்ண வேண்டாம். நான் எழுதிக்கறேன்."

"இத எழுதி என்ன சார் பண்ணப் போறீங்க?"

"சொல்லுங்க," என்றார் மாமியார்.

நர்ஸ் சொன்னார். அவன் எழுதினான்.

"சிஸ்டர், உங்க பேனா மூடி கட்டிலுக்கு அடியில உருண்டு போயிடுச்சு. அங்க இல்ல, இந்தப் பக்கம்."